பதினோராவது ஃபோல்டர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு மேப் அக்கா என்று பெயர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் எல்லோரும் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அக்கா என்றே வாயில் வந்துவிடும். அவர் பதிலுக்கு என்னை அண்ணே என்பார். நான் அவருக்கு அண்ணனா தம்பியா என்கிற விவகாரத்தை ஒன்பது வருஷமாக நாங்கள் தீர்த்துக்கொள்ளவே இல்லை.

கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால், அவர்கள் வரைவார்கள், நான் அச்சடிப்பேன். கட்டில் அகலத்துக்குத் தாள் சுருளைப் போட்டுப் பெரிய பெரிய படங்களைக் கக்குகிற இயந்திரம் ஒன்று உண்டு, பிளாட்டர் என்பார்கள். அதை ஒட்டி என் நாற்காலி. என் நாற்காலிக்கு முன்னால் மேப் அக்காவின் முதுகும் அவருடைய கணினித் திரையும். ஒன்பது வருஷம் ஒரு மனுஷியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்க்காமலே எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது மாடி, லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிற அறை அது. ஜன்னல் ஒன்று இருந்தது. பழைய சுருள்களை வைக்க இடமில்லை என்று அதன் முன்னால் ஓர் இரும்பு அலமாரியை நிறுத்திவிட்டார்கள். வெளியே மழை பெய்கிறதா என்று எங்களுக்குத் தெரிய வேண்டுமென்றால் யாராவது நனைந்துகொண்டு உள்ளே வர வேண்டும். லிஃப்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் சுவர் லேசாக உறுமும். காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவோம். நான் வருஷா வருஷம், "இந்த வருஷக் கடைசியில நான் கிளம்பிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மச்சான் கடைத்தெருவில் ஓர் அச்சுக்கடை போடப்போவதாக இருந்தான். தெருவைப் பார்த்த மாதிரி கண்ணாடிக் கதவு. அதற்காகவே போகலாம் என்று இருந்தேன்.

அலுவலகத்தின் சொந்தக்காரரை சார் என்போம். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எல்லோரும் என்றைக்கோ தப்பித்திருப்போம்.

சார் அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு காரியத்தைத் தன் கையால் செய்திருந்தார். அதுதான் ஃபோல்டர் ஒழுங்கு. முன்பெல்லாம் படங்கள் கண்ட இடத்தில் கிடக்குமாம். "நியூ ஃபோல்டர்", "நியூ ஃபோல்டர் இரண்டு", "இதுதான் கடைசி", "சத்தியமா இதுதான் கடைசி" என்றெல்லாம் பெயர் வைத்திருப்பார்களாம். ஒரு நாள் யாரோ ஒரு முழுக் கல்யாண மண்டபத்தையும் அழித்துவிட்டார்கள். சார் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். அலுவலகத்துப் பொதுக் கணினியான சர்வருக்குள் வேலைகள் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் வருஷம். அதற்குள் கட்டடத்தின் வகை, பிறகு வாடிக்கையாளர், இடம், கட்டம், மாடி, துறை, பகுதி, படத்தின் வகை என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய், பதினோராவதாகத் திருத்தத்தின் எண். ஒரு படத்தை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அந்தக் கடைசி இடத்தில் புதிய எண்ணோடு ஒரு ஃபோல்டர் முளைக்கும். பழையதைத் தொடவே கூடாது. இது சாரின் சட்டம்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் படம் வரைகிற மென்பொருளில் "திற" என்று அழுத்தினால் விரிகிற பெட்டி, சாரின் இன்னொரு உத்தரவுப்படி, எப்போதும் சர்வரின் வாசலில்தான் போய் நிற்கும். அங்கிருந்து பதினோரு தடவை உள்ளே உள்ளே போக வேண்டும். ஏழாவதில் தப்பான மாடிக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வாசலுக்கு. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு ஒரு கதவை இழுத்துப் போட வேண்டுமென்றால் அதற்கும் பதினொன்று. நாளைக்கு எழுபது தடவை. நான் உட்கார்ந்த இடத்தில் காதில் விழுவதெல்லாம் டக் டக் டக் என்று மவுஸ் சத்தம்தான். படம் வரைய வந்தவர்கள் பாதி நாள் கதவு திறந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் அந்தச் சத்தம் மாறியது. மேப் அக்கா, அப்போது அவருக்கு அந்தப் பெயர் இல்லை, பதினோரு டக்குக்குப் பதிலாக இரண்டே டக்கில் படத்தைத் திறந்தார். நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன்.

"என்ன மாயம் பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்கண்ணே," என்றார். திறக்கிற பெட்டியின் இடது ஓரத்தில் ஒரு பட்டை. அதில் நாலைந்து சின்னப் படங்கள். அவற்றை நாங்கள் எல்லோரும் தினமும் பார்த்திருக்கிறோம், சுவரில் மாட்டின தேதி போன காலண்டரைப் பார்ப்பது போல. "இங்க பாருங்க. பதினோராவது ஃபோல்டரை ஒரு தடவை கண்டுபிடிச்சு, அதைப் பிடிச்சு இழுத்து இந்தப் பட்டையில விட்டேன். அங்கயே ஒட்டிக்கிச்சு. இனிமே இதை ஒரு தட்டு, படத்தை ஒரு தட்டு. அவ்வளவுதான்."

அவர் மூன்று வாரம் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பட்டையில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், "கோவிச்சுக்கிட்டவர் வீடு" என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டார். அறையில் எல்லோரும் ஏழாவது கதவில் முட்டிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் பட்டென்று எடுப்பார். கொஞ்ச நாளில் எல்லோரும் அவரையே கேட்க ஆரம்பித்தார்கள். படம் வரைகிற பையன் ஒருவனுக்குக் கண்ணாடி என்று பெயர், மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவனை நாங்கள் பார்த்ததே கிடையாது. அவன், "அக்கா, ஆஸ்பத்திரி கழிவறைப் படம் எங்க இருக்கு?" என்பான். வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் புதுசு என்றே அழைக்கப்பட்ட பெண், "அக்கா, எனக்கும் ஒண்ணு" என்பாள். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து அனுப்பிவிடுவார். அப்போதுதான் மேப் அக்கா ஆனார்.

உள்ளதைச் சொல்கிறேன், அவருக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு "அக்கா"வுக்கும் அந்த முதுகு கொஞ்சம் நிமிரும். பட்டையைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கலாம், ஐந்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் யாராவது நம்மைத் தேடினால் நமக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

பிறகு அவருடைய வீட்டுக்காரருக்குக் கடலோர ஊரில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவர் முன்னால் போனார். அங்கே அவருடைய தங்கை இருந்தாள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர ஆள் ஆயிற்று. எங்கள் அலுவலகத்துக்கும் அந்த ஊரில் ஒரு கிளை இருந்தது. மூன்று மாதத்தில் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு மேப் அக்காவும் போய்விடுவது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் இங்கே ஒரு பெண்கள் விடுதியில் ஓர் அறை.

மூன்று மாதம் இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் சார் இல்லை என்று சொல்லவே மாட்டார். "உன்னை அனுப்பாம யாரை அனுப்பப் போறேன்? ஆனா நீ போயிட்டா இங்க ஒரு படத்தைக்கூட யாராலயும் எடுக்க முடியாதும்மா. நீ இல்லன்னா இந்த ஆபீஸே இல்ல. கொஞ்சம் பொறு," என்பார். மேப் அக்கா வெளியே வந்து, "பொறுக்கச் சொல்றாரு," என்பார். பாராட்டைக் கேட்டுவிட்டு வந்த மாதிரியும் இருக்கும், அடி வாங்கிக்கொண்டு வந்த மாதிரியும் இருக்கும். வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமே என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு வருஷ ஒப்பந்த வேலை. இரண்டு பேரும் வேலையில்லாமல் நிற்க முடியாது.

சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்ப ஏறுவார். அங்கே அவர் பிள்ளையோடு இருப்பது தூங்கும் நேரத்தையும் சேர்த்துப் பதினெட்டு மணி நேரம். ஒரு திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தவர் கணினியைப் போடவே இல்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. பாப்பா என்னை நீங்கங்கறா."

எனக்குப் புரியவில்லை.

"அவங்க அத்தையை நீ வா போன்னுதான் பேசறா. அப்பாவையும் அப்படித்தான். நான் போனா, 'அம்மா, நீங்க டீ குடிக்கறீங்களா'ன்னு கேக்கறா. விருந்தாளி கிட்ட கேக்கற மாதிரி." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பிளாட்டருக்குத் தாள் மாற்றினேன். தாள் தீர்ந்திருக்கவில்லை.

அன்றைக்கு மதியம் அவர் சாரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சார், வழி எனக்கு மட்டும்தான் தெரியுங்கறீங்க. எல்லாருக்கும் குடுத்துட்டா?"

"குடுத்துடும்மா, நானா வேண்டாங்கறேன்?" சார் கொஞ்சம் யோசித்தார். "சரி, இப்படி வெச்சுக்கலாம். ஒரு நாள் முழுக்க நீ இல்லாம இந்த ஆபீஸ் ஓடணும். உனக்கு ஒரு போன் வரக்கூடாது. ஓடுச்சுன்னா அன்னிக்கே நீ சொன்னதைச் செய்யலாம்."

அந்த மாதம் முழுக்க மேப் அக்கா மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்தார். நடந்துகொண்டிருந்த இருபத்து மூன்று வேலைகளுக்கும் போய், ஒவ்வொன்றின் பதினோராவது ஃபோல்டரையும் இழுத்து வந்து தன் பட்டையில் வரிசையாக வைத்தார். விளையாட்டுப் பெயர்களை அழித்துவிட்டு எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி பெயர் வைத்தார். "கோவிச்சுக்கிட்டவர் வீடு" போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தப் பட்டை, அவர் செய்துவைத்திருந்த குறுக்கு விசைகள், எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க அந்த மென்பொருளிலேயே வழி இருந்தது. அந்தக் கோப்பை மற்றக் கணினிகளில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஏற்றின உடனே அவருடைய பட்டை அப்படியே அங்கேயும் வந்து நின்றது. புதுசு கையைத் தட்டினாள். கண்ணாடி, "இதை மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருந்தா என் விரல் தேஞ்சிருக்காதுக்கா," என்றான். மேப் அக்கா முகம் சிவந்து, "தப்புதான்டா," என்றார். என் கணினிக்கு மட்டும் ஏற்றவில்லை. "நீங்கதான் படமே திறக்க மாட்டீங்களேண்ணே, உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

சோதனை நாள் வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. புதன்கிழமை அவருடைய வீட்டுக்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். எனக்குக் காட்டினார். ஒரு துணி அலமாரி. மகள் தன் உடுப்புகளையெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கி அடுக்கிவிட்டு மறுபாதியைக் காலியாக விட்டிருந்தாள். காலித் தட்டில் ஒரு சீட்டு, "அம்மா துணி" என்று.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. காலை முழுக்க எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு டக், இரண்டு டக். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சார் தன் அறையிலிருந்து இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கலக்கம். அந்த நாற்காலி காலியாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியின் மாடிப்படிப் படம் என் இயந்திரத்துக்கு வந்தது. அதை வாங்கிப் போக சைட் மேஸ்திரி கீழே காத்திருந்தார், நாலு மணிக்குள் வேண்டும், மறுநாள் காலையில் கான்கிரீட். சுருள் வெளியே வர வர நான் வழக்கம் போல வலது கீழ் மூலையைப் பார்த்தேன். படத்தின் பெயர், தேதி, திருத்தத்தின் எண் எல்லாம் இருக்கும் கட்டம் அது. மூன்றாவது திருத்தம் என்று போட்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம், மேப் அக்கா கிளம்பிப் போன பிறகு, கம்பிக்காரர் வந்திருந்தார். கட்டடத்துக்குள் எங்கே எத்தனை கம்பி என்று கணக்குப் போடும் பொறியாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிளாட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "படி திரும்பற இடத்துல ஸ்ட்ரெச்சர் முட்டும்யா, ஒரு அடி அகலப்படுத்திட்டேன். நாலாவது திருத்தம் போட்டுட்டேன்," என்று என்னிடமே சொன்னார். நாலாவது ஃபோல்டர் சர்வரில் இருக்கிறது. பட்டையோ இன்னும் மூன்றாவதையே காட்டிக்கொண்டிருக்கிறது. நேற்று எங்கே கொண்டு போனதோ இன்றைக்கும் அங்கேயே கொண்டு போகும், அதற்கு வேறென்ன தெரியும்?

அப்போதுதான் எனக்கு அந்த முதுகு ஞாபகம் வந்தது. தினமும் காலையில், பையை வைத்த கையோடு, மேப் அக்கா நடக்கிற வேலை ஒவ்வொன்றுக்கும் நீள வழியாகவே ஒரு தடவை போய் வருவார். எங்காவது புது ஃபோல்டர் முளைத்திருந்தால் பழையதைப் பட்டையிலிருந்து தள்ளிவிட்டுப் புதியதை இழுத்து விடுவார். குடிக்கும் முன் டம்ளரைக் கழுவுகிற மாதிரி அது அவருக்குக் கைப்பழக்கம். ஒரு மாதமாக எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தான் அதைச் செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

சாரிடம் சொன்னால் சோதனை தோற்றது, பாதி அலமாரி காலியாகவே கிடக்கும். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் முட்டும். மேப் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டால் அதுவும் தோல்விதான். நான் என் பழைய கணினியில் உட்கார்ந்தேன். வாசலில் நின்றேன். ஒன்பது வருஷமாக முதுகுக்கு மேலாகப் பார்த்த வழி. வேலைகள், வருஷம், வகை, வாடிக்கையாளர். ஆறாவதில் தொலைந்தேன். "இறுதி" என்று ஒன்று, "இறுதி உறுதி" என்று ஒன்று. தப்பானதில் நுழைந்து எட்டாவது வரைக்கும் போய் முட்டித் திரும்பினேன். மூன்று முப்பத்தெட்டுக்குப் பதினோராவது வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

கண்ணாடியைக் கூப்பிட்டு, காதோடு, "இதைத் திறந்து அனுப்பு. யார் கிட்டயும் மூச்சு விடாதே," என்றேன். அவன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான், பிறகு படத்தைத் திறந்தான். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழே போய் மேஸ்திரியிடம் சரியான சுருளைக் கொடுத்தேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் மேப் அக்கா உட்கார்ந்திருந்தார். போன் உள்ளங்கையில். எல்லாம் சரி என்று நான் தலையை ஆட்டினேன். அவர் அழுதுகொண்டே சிரித்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

ஐந்து மணிக்கு சார் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"ஒரு போன் கூட வரல இல்ல? பிரமாதம்மா! இவ்வளவு பெரிய வேலை செஞ்சிருக்கே. மதியமே அந்த ஃபைலைக் கிளைக்கு அனுப்பிட்டேன். அங்க வழி தெரிஞ்ச ஆள் வேணும்னுதான் உனக்காக அந்த இடத்தை வெச்சிருந்தேன். இனிமே அங்க யாரும் போக வேண்டியதே இல்ல. உன் ஃபைலே பாத்துக்கும். நீ அலைய வேண்டாம், இங்கயே நிம்மதியா இரு."

"சார், நீங்க மாற்றலுக்குக் கையெழுத்து..."

"ஆமா, நீ சொன்னதைச் செய்யலாம்னேன். எல்லாருக்கும் குடுக்கலாம்னு சொன்னே, கிளைக்கும் குடுத்துட்டேனே!"

அவர் மனசார அதை ஒரு பரிசு என்றே நினைத்தார். மேப் அக்கா வெளியே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். லிஃப்ட் இறங்கியது, சுவர் உறுமியது.

"அது எனக்கு முன்னாடி போய்ச் சேந்துடுச்சுண்ணே," என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் பஸ் ஏறவில்லை. "போய் அந்தக் காலித் தட்டைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றார். விடுதி அறையிலேயே இருந்தாராம். திங்கட்கிழமை வந்தார், பையை வைத்தார், வழக்கம் போல நீள வழியாக ஒவ்வொரு வேலைக்குள்ளும் போய் வந்தார். டக் டக் டக். நான் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் மறைத்ததைச் சொன்னால் என் தலை உருளும். சொன்னாலும், "அப்ப அவ இங்கதான் வேணும்" என்று சார் இன்னும் இறுக்கமாகப் பூட்டுவார். யோசிக்க யோசிக்க அதிலிருந்து வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் அந்த வாரம்தான் கண்ணாடிக் கதவு மாட்டியிருந்தான்.

வியாழக்கிழமை காலை, மேப் அக்கா வருவதற்கு முன் சாரின் அறைக்குப் போனேன்.

"சார், அன்னிக்கு ஆபீஸ் ஓடல."

"என்னய்யா சொல்ற?"

மூன்றாவது திருத்தம், நாலாவது திருத்தம், மேஸ்திரி, கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னேன். சாரின் முகம் மாறியது. "நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கத்தினார். கத்தி முடிக்கும் வரை நின்றேன்.

"நீங்க அனுப்பின ஃபைல் அங்கயும் பழைய இடத்தைத்தான் காட்டும் சார். தினம் காலையில யாராவது நீள வழியா போய்ப் பாத்து மாத்தணும். அங்க அது யாருக்குத் தெரியும்? அக்காவை அங்க அனுப்புங்க."

"அப்ப இங்க?"

"இங்க நான் இருக்கேன்."

"நீயா? உனக்குப் பேப்பர் மாத்தத்தான்யா தெரியும்."

சாரின் கணினியையே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தன் ஒழுங்குக்குள் தானே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். நான் ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, கோபத்தை மறந்து, "நல்லாத்தான்யா போட்டிருக்கேன்," என்றார். ஆறாவதில் நான் தடுமாறவில்லை. பதினோராவதில் ஐந்து என்று ஒரு புதிய ஃபோல்டர் இருந்தது. கம்பிக்காரர் நேற்று போட்டது. சாரின் பட்டையில் அப்போதும் மூன்றுதான்.

சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷக் கடைசியில போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தியே?"

"போகல சார்."

"எழுதிக் குடுப்பியா?"

எழுதிக் கொடுத்தேன். அதற்குக் கீழேயே அவர் மேப் அக்காவின் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரே தாள்.

மேப் அக்காவிடம் மச்சான் கடையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். போகிற அன்றைக்கு என் கணினியிலும் அந்தக் கோப்பை ஏற்றிவிட்டு, "அண்ணே," என்றார், மவுஸை என் பக்கம் தள்ளினார். இடது ஓரத்துப் பட்டையில் கடைசி வேலைக்கு மறுபடியும் "கோவிச்சுக்கிட்டவர் வீடு" என்று பெயர் வைத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்துக் கிளையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பள்ளிக்கூடத்துக் கூரைப் படம் எங்க மாத்தி வெச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டார். வேலைகள், வருஷம், வகை என்று கண்ணை மூடிக்கொண்டு பதினொன்றையும் ஒப்பித்தேன். ஏழாவது சொல்லும்போது அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், "அம்மா, நீ எவ்ளோ நேரம்தான் பேசுவ? வா, போலாம்," என்று அதட்டியது. பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வந்துவிடுவாளாம். மேப் அக்கா, "இருடி," என்றார். அந்த "இருடி"யில் இருந்த சந்தோஷத்தை இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் கேட்டேன்.

மச்சான் கடைக்கு வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். நான் அந்த முதுகு இருந்த நாற்காலிக்கு மாறிவிட்டேன். காலையில் பையை வைத்த கையோடு ஒவ்வொரு வேலைக்குள்ளும் நீள வழியாகப் போய் வருகிறேன். முளைத்ததைப் பிடித்து இழுத்துப் பட்டையில் விடுகிறேன். என்னைச் சுற்றி நாள் முழுக்க, "அண்ணே, அது எங்க?" "அண்ணே, இது எங்க?" என்று குரல்கள். திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்தக் காலைச் சுற்றைப் புதுசுக்குச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள். பிறகு நான் சாரிடம் போய் அந்தத் தாளைத் திருப்பிக் கேட்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைக்கிறேன். அவள் பின்னாலிருந்து, "அண்ணே, நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணுவோம்?" என்கிறாள். என் முதுகு கொஞ்சம் நிமிர்வது எனக்கே தெரிகிறது. இன்னும் சொல்லவில்லை.